இருபத்தைந்து ரெசிஸ்டர்களும் ஒரு முகவீணையும்

"இருபது கே கெடைக்காது தம்பி. இருபத்திரெண்டு கீது, எடுத்துக்கிறியா?"

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், படி ஏறினால் தலை இடிக்கும் உயரத்தில் உள்ள கடை அது. ரேடியோ, டேப் ரெக்கார்டர், பழைய கலர் டிவி என்று முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழுது பார்த்துவரும் அண்ணன் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். கம்ப்யூட்டரை அவர் தொட்டதில்லை. நான் 20 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்பதும் 10 கிலோ ஓம் ஏழும் கேட்டிருந்தேன். 22 ஆகாது, சரியாக 20தான் வேண்டும் என்றேன்.

"அப்போ பத்துல ரெண்ட வரிசையாப் போடு. ஒண்ணும் ஆவாது. இன்னாத்துக்கு இது?"

நோட்டுப் புத்தகத்தில் நான் வரைந்திருந்த படத்தைக் காட்டினேன். ஒரு ஏணி. எட்டுப் படிகள். படிக்குப் படி 10 கிலோ ஓம், ஒவ்வொரு படியிலிருந்தும் பக்கவாட்டில் 20 கிலோ ஓம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரை நிமிடம் பார்த்தார். பிறகு, "மேல வர்ற கம்பியில பாதி வோல்ட்டு, அடுத்ததுல கால், அடுத்ததுல அரைக்கால்... அப்படித்தானே?" என்றார்.

அப்படித்தான். பொறியியல் படித்த எனக்கு இது புரிய ஒரு வார இறுதி முழுதும் ஆகியிருந்தது.

அந்த ஏணி என் அப்பாவின் பழைய மடிக்கணினியைப் பாட வைப்பதற்காக. அப்பா ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கணக்கு பார்த்தவர். ஏற்றுமதி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அடிப்பதற்காக 1993 வாக்கில் ஆபீசில் 386 என்ற செயலி கொண்ட ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். 25 மெகாஹெர்ட்ஸ், 4 மெகாபைட் நினைவகம், கறுப்பு வெள்ளைத் திரை, எம்எஸ்-டாஸ். 2004இல் அப்பா ஓய்வு பெற்றபோது, யாருக்கும் வேண்டாத அந்தக் கணினியையும் அதன் பிரிண்டர் கேபிளையும் அவரிடமே கொடுத்து அனுப்பினார்கள். பதினைந்து வருடம் பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது உள்ளே இருந்த சிறிய பேட்டரி மட்டும் கசிந்திருந்தது. அதைக் கழற்றி, கசிவைத் துடைத்துவிட்டு மின்சாரம் கொடுத்ததும் எழுந்துகொண்டது. 'பீப்' என்றது.

அந்தப் 'பீப்'தான் அதனிடம் இருந்த ஒரே ஒலி.

பழைய பிசிக்களின் உள்ளே இருக்கும் ஸ்பீக்கருக்கு இரண்டே நிலைகள், முன்னே அல்லது பின்னே. நொடிக்கு 11,93,182 முறை துடிக்கும் டைமர் சிப் ஒன்று அதை முன்னும் பின்னும் தள்ளும். எத்தனை துடிப்புக்கு ஒருமுறை தள்ளுவது என்று நாம் சொன்னால் அதற்கேற்ற ஒரு ஸ்வரம் வரும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி இல்லை. கோயில் மேளத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த அளவுக்குத்தான் அதன் சக்தி. மேசைக் கணினி வைத்திருந்தவர்கள் உள்ளே ஒரு கார்டு செருகிக்கொண்டார்கள். 1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து ஆட்லிப் வந்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தது. மடிக்கணினியில் கார்டு செருக இடம் ஏது? பின்பக்கம் பார்த்தால் ஒரு சீரியல் போர்ட், ஒரு மானிட்டர் போர்ட், 25 துளைகள் கொண்ட ஒரு பிரிண்டர் போர்ட். அவ்வளவுதான்.

அந்தப் பிரிண்டர் போர்ட்டை நான் இன்றும் வியந்துதான் பார்க்கிறேன். 2 முதல் 9 வரையான எட்டு ஊசிகளும் எட்டு பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கங்கள். பதினாறடிமானத்தில் 378 என்ற முகவரிக்கு ஒரு எண்ணை எழுதினால், அடுத்த கணமே அந்த எண் எட்டுக் கம்பிகளில் 0 வோல்ட், 5 வோல்ட் என்று வந்து நிற்கும். அடுத்த எண்ணை எழுதும்வரை அப்படியே நிற்கும். நடுவில் எந்த டிரைவரும் இல்லை, அனுமதி கேட்க யாரும் இல்லை. மல்டிமீட்டரின் முனையை வைத்தால் நாம் எழுதிய எண்ணைக் கம்பியிலேயே படிக்கலாம். அப்பாவின் இன்வாய்ஸ்கள் எல்லாம் இப்படித்தான் ஒவ்வோர் எழுத்தாக டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குப் போயிருக்கின்றன. எண் தயார் என்று முதல் ஊசியில் ஒரு சைகை கொடுத்தால்தான் பிரிண்டர் அதை எடுத்துக்கொள்ளும். நமக்கு அந்தச் சைகைகூட வேண்டாம்.

எட்டு பிட்டுகளுக்கு 256 படிகள். அந்த எட்டுக் கம்பிகளையும் ஏணியில் இணைத்தால் 0 முதல் 255 வரையான எண் ஒரே ஒரு வோல்ட்டாக மாறி மேல்முனையில் வெளிவரும். எண்களை வேகமாக மாற்றினால் வோல்ட் அலையும். அலைகிற வோல்ட்டை ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அதுதான் ஒலி. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் இருந்த கோவாக்ஸ் என்ற நிறுவனம் 1987இல் 'ஸ்பீச் திங்' என்ற பெயரில் விற்ற சாதனத்தின் அடிப்படை இதுதான். சர்க்யூட் இவ்வளவு எளிதாக இருந்ததால் உலகம் முழுக்கப் பையன்கள் அதை வீட்டிலேயே செய்துகொண்டார்கள். பாட்டு இசைக்கும் டாஸ் புரோகிராம்கள் பலவற்றில் கோவாக்ஸ் என்று ஒரு தேர்வே இருந்தது. வேலூரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இது யாருக்காவது தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளி லேபில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன, எல்லாம் ஊமை. ஒவ்வொன்றின் முதுகிலும் இந்த வாசல் திறந்தேதான் இருந்தது.

சரி, ஏணிக்கு வருவோம். 20க்குப் பதில் இரண்டு 10 என்றால் ஒன்பதுக்குப் பதினெட்டு, அதோடு ஏழு, மொத்தம் 25 ரெசிஸ்டர்கள். அண்ணன் நூறு எண்ணிக் கொடுத்தார். பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு, கடைசியில் தங்கப் பட்டை. தங்கப் பட்டை என்றால் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம் என்று அர்த்தம். இங்கேதான் கவனம் வேண்டும். 127 என்ற எண்ணில் கீழ் ஏழு கம்பிகளும் எழுந்து நிற்கும். 128இல் அந்த ஏழும் விழுந்து மேல்கம்பி ஒன்று மட்டும் எழும். அந்த ஒரே கம்பி, மற்ற ஏழும் சேர்ந்து தருவதைவிடச் சரியாக ஒரு படி அதிகம் தர வேண்டும். ஒரு படி என்பது 256இல் ஒரு பங்கு, அதாவது அரை சதவீதத்துக்கும் குறைவு. மேல்படி ரெசிஸ்டர் ஐந்து சதவீதம் தப்பாக இருந்தால், ஒலி அலை நடுக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். மெல்லிய ஒலிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டித்தான் அலைகின்றன, அதனால் மெல்லிய இடங்கள்தான் முதலில் கெடும். ஒரு மே மாத மதியம், மின்விசிறியை நிறுத்திவிட்டு (காகிதங்கள் பறக்கக் கூடாதே), நூறு ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதினேன். வேலூர் மே மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்காருவது என்றால் என்ன என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 9,860, 9,910, 9,870 என்று வந்தன. ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்த இருபத்தைந்தைப் பொறுக்கினேன். 10,000 இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் போதும்.

25 ஊசிப் பிளக்குக்கு அப்பாவின் பிரிண்டர் கேபிளையே வெட்டலாம் என்று முடிவு செய்தேன். ஒருமுனையில் கணினிக்கான 25 ஊசி, மறுமுனையில் பிரிண்டருக்கான 36 தொடுமுனைப் பிளக். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அவரிடம் கேட்டேன். கேபிளைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தார். "இதுல எவ்ளோ பில்லு போயிருக்கும்" என்றார். பிறகு, "வெட்டு" என்றார்.

அடுத்து செய்ததைச் சொல்ல வேண்டும், இதே வேலையைச் செய்கிற யாருக்காவது உதவும். பற்றவைத்து முடித்ததும் ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்துக் கம்பிக்கும் இடையே மீட்டர் வைத்து, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடத்தில் ஈயம் பாலம் போட்டிருந்தது. அப்படியே செருகியிருந்தால் போர்ட் சிப் போயிருக்கும். முப்பது வருடம் பழைய பலகையில் அதை மாற்ற எனக்குத் தெரியாது. கணினியை அணைத்துவிட்டுத்தான் செருக வேண்டும், கழற்றவும் வேண்டும். 18 முதல் 25 வரையான ஊசிகள் எர்த். ஏணியின் மேல்முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டால் மேல் அதிர்வெண்களில் உள்ள கரகரப்பு இறங்கும். அப்புறம் 10 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல், அதன் பிறகு எல்எம்386 என்ற எட்டுக்கால் ஆம்பிளிஃபயர் சிப். 386 கணினிக்கு 386 ஆம்பிளிஃபயர் என்று அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். வால்யூம் கன்ட்ரோலை விட்டுவிடாதீர்கள், ஏணி தரும் ஐந்து வோல்ட் வீச்சை அந்தச் சிப் நேராகத் தாங்காது.

ஏணி தயார். இனி நொடிக்கு எட்டாயிரம் எண்கள் வேண்டும், ஒன்றுக்கொன்று சரிசமமான இடைவெளியில்.

இந்த 'சரிசமம்'தான் முழு வேலையும். பிரிண்டருக்கு அனுப்பும் எழுத்து சற்றுத் தாமதமாகப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒலியில் ஒரு எண் தாமதித்தால் காது பிடித்துவிடும். தாளம் தப்பிய பாட்டு எப்படியோ அப்படி. கணினிக்குள் இருக்கும் டைமர் சாதாரணமாக நொடிக்கு 18.2 முறை செயலியைத் தட்டி எழுப்பும், கடிகாரம் ஓடுவதற்காக. அந்த டைமரிடம் 149 என்ற எண்ணைக் கொடுத்தால், 11,93,182 வகுத்தல் 149, நொடிக்கு ஏறக்குறைய 8,008 முறை எழுப்பும். ஒவ்வொரு முறையும் ஒரு பைட்டை (எட்டு பிட் எண் ஒன்றை) எடுத்து 378க்கு எழுத வேண்டும். 25 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு இரண்டு தட்டலுக்கு நடுவே மூவாயிரத்துச் சொச்சம் துடிப்புகள் கிடைக்கின்றன. அது தாராளம். பழைய 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினிக்கு அறுநூறுகூடக் கிடைக்காது, மூச்சு வாங்கும்.

அந்த மூச்சுவாங்கலுக்குத்தான் டிஸ்னி நிறுவனத்தின் 'சவுண்ட் சோர்ஸ்' வழி சொன்னது. அதுவும் பிரிண்டர் போர்ட்டில் செருகுவதுதான். உள்ளே பதினாறு பைட்டுகள் வரிசையில் நிற்க ஒரு சிறிய இடமும், நொடிக்கு ஏழாயிரம் என்ற தன் சொந்தத் துடிப்பும் வைத்திருந்தது. கணினி ஒரே வீச்சில் பதினாறைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். வரிசை நிரம்பிவிட்டால் ஒரு கம்பி வழியாக அது கணினிக்குத் தெரிவிக்கும். 1992இல் வந்த வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டு இதில் பேசியது. மெதுவான கணினியின் சிரமத்தை உணர்ந்து செய்த வேலை அது. எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

என்னிடம் வரிசை இல்லை, ஏணி மட்டும்தான். அதனால் நினைவகத்தில் இரண்டு குடம் வைத்தேன். ஒவ்வொன்றும் 16 கிலோபைட், இரண்டு நொடிக்கான ஒலி. ஒரு குடம் போர்ட்டில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மற்றது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நிரம்பும். காலி ஆனதும் இடம் மாற்றிக்கொள்ளும். பாலாறு வறண்ட ஊரில், தெருக்குழாயில் தண்ணீர் வருகிற அந்த அரைமணி நேரத்தில் இரண்டு குடத்தோடு ஓடியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

எதை ஒலிக்க வைப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அப்பாவின் சொந்த ஊர் கலவை பக்கம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. கர்ண மோட்சம் நடந்த ஓர் இரவில், பக்கப்பாட்டுக்காரர்களின் பெஞ்சுக்கு அருகே உட்கார்ந்து என் போனில் பதிவு செய்திருந்தேன். மிருதங்கம், ஆர்மோனியம், தாளம், முகவீணை. அதில் ஒரு துண்டை எட்டு பிட், எட்டாயிரம் ஹெர்ட்ஸ் என்று சுருக்கி பிளாப்பியில் ஏற்றினேன்.

முதல்முறை இயக்கியபோது வந்தது வெறும் இரைச்சல். ஆனால் அந்த இரைச்சலுக்குள் மிருதங்கத்தின் நடை அப்படியே கேட்டது. கூரைமேல் சரளைக் கல் கொட்டுகிற சத்தம், ஆனால் தாளத்தோடு. அரைமணி நேரம் புரோகிராமைத் துழாவினேன். தப்பு கம்பியில் இருந்தது. ஏணியைத் தலைகீழாகப் பற்றவைத்திருந்தேன். இரண்டாம் ஊசி சின்ன பிட், ஒன்பதாம் ஊசி பெரிய பிட். நான் மாற்றி இணைத்திருந்தேன். எண்ணின் பெரிய பகுதியெல்லாம் சிறியதாகவும் சிறிய பகுதியெல்லாம் பெரியதாகவும் வெளிவந்திருக்கிறது. எட்டுக் கம்பிகளையும் கழற்றி மறுபடி பற்றவைத்தேன்.

இரண்டாம் முறை முகவீணை வந்தது.

அந்தக் கணத்தைப் பற்றி நிறைய எழுத வேண்டும்போல் இருக்கிறது, ஆனால் கேட்டதை மட்டும் சொல்கிறேன். நொடிக்கு எட்டாயிரம் எண்கள் என்றால் நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தங்காது. தாளத்தின் 'கணீர்' எல்லாம் அதற்கு மேல்தான் இருக்கிறது போலும், அது 'சிக்' என்று சுருங்கிப்போனது. ஆர்மோனியம் சற்று மூக்கடைத்துக்கொண்டது. மிருதங்கத்தின் இடந்தலை குழைந்தது, என் ஸ்பீக்கரும் சிறியது. முகவீணை மட்டும் குறையே இல்லாததுபோல் கேட்டது. நாதஸ்வரத்தின் சின்னத் தம்பி அது. மைக் இல்லாத காலத்தில் திறந்தவெளியில், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது கடைசி வரிசைவரை போய்ச் சேர வேண்டிய வாத்தியம். அதன் பலமெல்லாம் காது எளிதில் பிடிக்கும் நடு இடத்திலேயே திரண்டிருக்கிறது. வயல்வெளியைத் தாண்டிப் போகப் பழகியது இருபத்தைந்து ரெசிஸ்டர்களையும் தாண்டி வந்துவிட்டது.

பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் ஓபிஎல்2எல்பிடி என்ற சாதனத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். செர்டாக்கோ என்ற நிறுவனம் விற்பது. ஆட்லிப் கார்டில் இருந்த அதே யமஹா ஒய்எம்3812 சிப்பை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, பிரிண்டர் போர்ட்டில் செருகும்படி செய்திருக்கிறார்கள். ஒன்பது குரல்கள். இங்கே கணினி அலையை அனுப்புவதில்லை, 'இந்தக் குரல், இந்த உயரம், இப்போது தொடங்கு' என்று உத்தரவு மட்டும் கொடுக்கிறது. பழைய விளையாட்டுகள் ஆட்லிப்பை 388 என்ற முகவரியில் தேடும். அதனால் 386இன் ஒரு வசதியைப் பயன்படுத்தி, 388க்குப் போகும் உத்தரவுகளை வழிமறித்து பிரிண்டர் போர்ட்டுக்குத் திருப்பிவிடும் டிரைவர் ஒன்று தருகிறார்கள். அதற்கு முந்தைய 286 செயலியில் இந்த வழிமறிப்பு நடக்காது, விளையாட்டின் கோப்பையே திருத்த வேண்டும்.

இதைக் கடைக்குக் கொண்டுபோய் அண்ணனிடம் காட்டினேன். பெட்டிக்குள் சிப்புக்குத் துடிப்புக் கொடுக்கும் கிரிஸ்டல் ஒன்று இருக்கிறது, 3.58 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னேன். உடனே நிமிர்ந்தார்.

"அது அமெரிக்கா டிவி கிரிஸ்டல் ஆச்சே! நம்ம டிவிக்கு நாலு புள்ளி நாப்பத்தி மூணு. வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த டிவி கலர் வரலன்னு வருவாங்க, அதுல இதான் இருக்கும்."

உண்மை. அமெரிக்கக் கலர் டிவியின் துடிப்பு 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்கில் ஓடிய கிரிஸ்டலைத்தான் 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியில் வைத்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் என் டைமரின் 11,93,182 வருகிறது. ஆட்லிப் கார்டு அதையே நான்கால் வகுத்து யமஹா சிப்புக்குக் கொடுத்தது. பிரிண்டர் போர்ட்டில் அந்தத் துடிப்பு கிடையாது, அதனால்தான் இந்தப் பெட்டிக்குச் சொந்தக் கிரிஸ்டல். நான் இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டதை அவர் கலர் வராத டிவிகளில் இருந்து தெரிந்து வைத்திருந்தார்.

ஒய்எம்3812இல் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் உயரத்தை மாற்றலாம். அதனால் கமகம்போல ஒன்றைக் கொண்டுவர முடிகிறது. மோகனத்தில் நாலு வரி எழுதினேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மனசு ஏணியிடம்தான் போகிறது. யமஹா சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று யாரோ எழுதியதைப் படித்து நம்புகிறேன். ஏணியில் நடப்பதை என் கையால் அளந்திருக்கிறேன்.

சரி, அப்பா. முகவீணை ஒலித்த அன்று அவர் பின்கட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கணினிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினோரு வருடம் அவர் பில் அடித்த திரை. மூன்று நிமிடம் முடிந்து நின்றதும், "ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

ஒரு பிளாப்பியில் மூன்று நிமிடம்தான் பிடிக்கும் என்றேன்.

"கூத்து பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியக்காலம் ஆறு வரைக்கும் போவும்" என்றார். விரலை மடக்காமல், காகிதம் எடுக்காமல் கணக்குப் போட்டார். "மணிக்கு இருபது. எட்டு மணிக்கு நூத்தி அறுவது பிளாப்பி. எத்தன வச்சிருக்க?"

பதினொன்று இருந்தன. அதில் ஏழு படிக்கின்றன. காட்பாடியில் எங்காவது பழைய சரக்கில் கிடைக்குமா என்று இந்த வாரம் விசாரிக்கப் போகிறார்.